இருபது கிராம் கடிதம்

ஐம்பது வருஷம் கழிந்துவிட்டது, பெட்டியைத் திறந்தாயிற்று, முத்திரையையும் உடைத்தாயிற்று, ஆகையால் இனி நான் வாயைத் திறந்தால் ஆழிமுனையில் ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த தபால்காரன் நான்தான். பெயர் சவரிமுத்து, அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரே ஒரு தாள், ஓர் உறை, உறையின் மேல் இருபது கிராமுக்கான தபால்தலை. அதைத் தபால் நிலையத்திலிருந்து முக்கால் மைல் கொண்டுபோக எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது.

எங்கள் ஊர்ப் பரிசைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உப்பளத்துப் பெரிய முதலாளிக்குப் பிள்ளை குட்டி கிடையாது, அதனால் மனிதர் சாகும்முன் தம் அளம் முழுவதையும் அறிவியலுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார், உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் சரி, மனுஷருக்கு உதவுகிற மாதிரி புதிதாக ஒன்றைக் கண்டவருக்கு வருஷா வருஷம் ஆழிமுனையிலிருந்து ஒரு பரிசு போகவேண்டும் என்று. விதிகளையும் அவரே வகுத்தார், எல்லாம் உப்புப் பாத்தியில் நின்று யோசித்த விதிகள். மூன்று பேருக்கு மேல் பரிசைப் பங்குபோடக் கூடாது, ஏனென்றால் ஒரு பாத்தியில் மூன்று பேருக்கு மேல் இறங்கினால் மிதித்துச் சேறாக்கிவிடுவார்கள். செத்தவருக்குக் கிடையாது, செத்தவருக்கு உப்பு எதற்கு. பெயரை முன்மொழியும் கடிதங்கள் தை மாதக் கடைசி நாள் பொழுது சாய்வதற்குள் வந்து சேரவேண்டும். ஒருவர் தன் பெயரைத் தானே எழுதி அனுப்பினால் அந்தக் கடிதமும் செல்லாது, அந்தப் பெயர் அதன்பிறகு எந்த வருஷத்துக்கும் செல்லாது, தன் உப்புக்குத் தானே ருசி சொல்லக் கூடாது என்று அதற்குக் காரணமும் எழுதியிருந்தார். வந்த கடிதம் எதுவானாலும் ஐம்பது வருஷம் பூட்டிவைக்கவேண்டும், அதற்குள் கோபப்படுகிறவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்பது அவர் எண்ணம்.

உலகம் முழுக்க மூவாயிரம் பேராசிரியர்களுக்குக் குழுவிலிருந்து அழைப்பு போகும், பெயர் சொல்லுங்கள் என்று. அவர்களோடு சேர்த்து, என் அளத்தில் உப்பு வாருகிறவர்களும் வருஷத்துக்கு ஒரு கடிதம் போடலாம் என்று முதலாளி ஒரு வரி எழுதியிருந்தார். எங்கள் ஜனங்கள் கூச்சப்பட்டார்கள், நமக்கு என்ன தெரியும் என்றார்கள், அதேசமயம் கொடுத்த உரிமையை விடவும் மனசில்லை. அதனால் ஒவ்வொரு தை மாதமும் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை உப்பை மடித்து அனுப்புவார்கள், குழுவும் அதை மரியாதையாக வாங்கிப் பதிவு செய்து உள்ளே வைக்கும். அந்தத் தாளில் ஒருமுறைகூட ஒரு பெயரும் இருந்தது கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. தை பிறந்துவிட்டால் பங்குனியில் முடிவைச் சொல்லும்வரை எங்கள் ஊரில் யாரும் 'யாரு' என்று கேட்பதில்லை. ரகசியத்துக்கு எங்கள் பங்கு அது. கதவு தட்டினால் பேசாமல் திறப்போம், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் வீடு எந்தத் தெரு என்று மட்டும் கேட்போம், ஒரு மாசி மாதம் மளிகைக்கடையில் திருடன் புகுந்தபோதுகூடக் கடைக்காரர் இருட்டைப் பார்த்து 'வாங்க' என்றுதான் சொன்னாராம். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்த வருஷம் பரிசு எதற்கு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஐஸ் பெட்டி இல்லாமல் வெயிலில் கிடந்தாலும் கெடாத தடுப்பூசி மருந்தைக் கண்டுபிடித்திருந்தார்கள், பத்திரிகைகளில் மூன்று படங்கள் சேர்ந்தே வந்துகொண்டிருந்தன, வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர், நம் நாட்டுக்காரர் பேராசிரியர் நீலமேகம். மூன்று இடம், மூன்று பேர், சட்டை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. தை முடிய மூன்று நாள் இருக்கும்போது தபால் பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தில் வந்து நின்றது, நின்றது கிளம்பவில்லை, பின் சக்கரம் இரண்டும் தார் ரோட்டில் விரற்கடை இறங்கியிருந்தன. மூட்டையைப் பிரித்துக் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்தோம், கடைசியாக ஒரே ஓர் உறை மூட்டையின் அடியில் கிடந்தது, அதை என்னால் எடுக்க முடியவில்லை.

போஸ்ட்மாஸ்டர் பிச்சையா சட்டம் பேசுகிறவர். தபால் நிலையத் தராசை நடுரோட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, நாலு பேரை விட்டு உறையை அதன்மேல் நகர்த்தினார், தராசு தகடாகிவிட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தபால்தலையைப் பார்த்தார். "போட்ட ஊர்ல இருவது கிராம்னு நிறுத்து முத்திரை குத்தியிருக்காவ. அங்க இருவதுன்னா இங்கயும் இருவதுதான். கொண்டுபோயிக் குடுத்துட்டு வாரும் சவரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உப்பு லாரியில் ஏற்றினோம், வில்பட்டை முறிந்து லாரி உட்கார்ந்துவிட்டது. பிறகு உப்பளத்திலிருந்து வெள்ளத்தாய் தன் ஆட்களோடு இரும்புச் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெள்ளத்தாய்க்கு அப்போது ஐம்பது வயதிருக்கும், முப்பத்தைந்து வருஷம் உப்புச் சுமந்த தலை, பதின்மூன்று பெண்கள் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்தார்கள். அவள் எதையும் கனம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு உறையின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல கனந்தான்," என்றாள், அவ்வளவுதான், பலகை கொடுத்து நெம்பி ஏற்றினார்கள்.

வண்டி ஒரு மணி நேரத்துக்கு இருநூறு அடி போயிற்று. அதற்குள் ஊர் அந்தக் கனத்துக்குப் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்து வாத்தியார் மாணவர்களை வரிசையாகக் கூட்டிவந்து நெம்புகோல் பாடத்தை அங்கேயே நடத்தி முடித்தார், சக்கரம் போன தடத்தில் தண்ணீர் தேங்கி வாத்துகள் வந்துவிட்டன, இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமலிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே கயிற்றை இழுக்கவேண்டி வந்ததில் மூச்சு வாங்குகிற சாக்கில் பேசிக்கொண்டார்கள். உள்ளே எழுதியிருப்பது எவர் பெயர் என்று ஒரு வாய் கேட்கவில்லை. ஏன் இவ்வளவு கனம் என்றும் கேட்கவில்லை, கடிதமென்றால் கனம் இருக்காதா.

இரண்டாம் நாள் காலை மூன்றாம் தெருவில் ஒரு பச்சைக் கதவு வீட்டுக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. அச்சு வரை மண்ணில் இறங்கிவிட்டது, முப்பது பேர் இழுத்தும் அசையவில்லை. அது கனகபுஷ்பத்தின் வீடு, நாங்கள் புஷ்பக்கா என்போம். பெண்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர், பாட்டில் கழுவுவது, தீக்குச்சி எண்ணிக் கொடுப்பது, தவளை பிடித்துவரச் சொல்வது என்று இருபது வருஷம் அங்கேதான். நாற்பத்திரண்டு வயது, தனி ஆள். கதவைத் திறந்து வந்து எங்கள் வியர்வையைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு குடம் மோர் கரைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன சவரி, வழிய அடைச்சு நிப்பாட்டிட்டீங்க? நான் காலேசுக்குப் போவ வேண்டாமா?"

"நாங்க நிப்பாட்டலக்கா. அதுவா நின்னுட்டு."

"காகிதம் பாவம், நனஞ்சு கிடக்கோ என்னமோ," என்று சொல்லி அக்கா உறைமேல் இருந்த தூசியைச் சேலை முந்தியால் துடைத்தாள். வண்டி இன்னும் நாலு விரல் இறங்கிற்று. அக்கா அதைக் கவனிக்கவில்லை, மோர்ச் சொம்பை வாங்கி வைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டாள். அந்தத் தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்தது, அவளுக்கு மட்டும் புரியவில்லை. வெள்ளத்தாய் சக்கரத்தைப் பார்த்தாள், பச்சைக் கதவைப் பார்த்தாள், சும்மாட்டை அவிழ்த்து உதறி மறுபடியும் இறுகக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம், அக்கா கல்லூரியில் இருக்கிற நேரம், வண்டி தானாக விட்டுக்கொடுத்தது. அன்றுதான் தை கடைசி. நாங்கள் குழுவின் கட்டடத்துக்கு முன்னால் போய்ச் சேரும்போது சூரியன் உப்பு அம்பாரத்துக்கு மேலே ஒரு பனை உயரத்தில் நின்றது. பதினாறு படி ஏறவேண்டும். இனி ஏற்ற யாராலும் முடியாது என்பதைப் பார்த்துவிட்டுக் குழுத்தலைவர் டாக்டர் ஆவுடையப்பன் தாமே இறங்கி வந்தார். கஞ்சி போட்ட வேட்டியோடு மண்ணில் முழங்கால் போட்டு, பேனாக்கத்தியால் உறையைக் கிழித்தார். நாங்கள் எல்லாரும் திரும்பி நின்றோம், பழக்கம் அது.

தாளைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, யாருக்கும் சொல்லாமல் தனக்குத்தானே சொல்வதுபோல, "செல்லாது," என்றார்.

அந்த மூன்று நாளில் எனக்கு நெஞ்சு வலித்தது அப்போதுதான். வெள்ளத்தாய் திரும்பினாள். "அய்யா, அதுல என்ன எழுதியிருக்குன்னு நாங்க கேக்கல, கேக்கவும் மாட்டோம். எங்க கடுதாசி செல்லுமா, அத மட்டும் சொல்லுங்க."

"முதலாளி எழுதி வச்சிருக்காரு தாயி, எப்பவும் செல்லும்."

"இந்த வருசத்துது உள்ள இருக்கு. வெறுந்தாளு. அத எடுத்துத் தாங்க, எழுதிக் குடுத்திருதோம்."

அவர் சூரியனைப் பார்த்தார். "பொழுது சாயுறதுக்குள்ள," என்றார். என்னைப் பார்த்து, "பேனா இருக்கா?" என்றார்.

இருந்தது. கீழ்ப்படியில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து நான் எழுதினேன், வெள்ளத்தாய் சொன்னாள், மற்றப் பெண்கள் விட்டுப்போனதை எடுத்துக்கொடுத்தார்கள். நான் எழுதியது இதுதான், திருத்தம் இல்லாமல் அப்படியே:

'பன்னெண்டு வருசத்துக்கு முன்ன பங்குனியில வடக்குப் பாத்தித் தண்ணி செவந்து போச்சு. கெட்டுப் போச்சுன்னு கங்காணி வெட்டிவிடச் சொன்னாரு. புஷ்பக்கா வந்து ரெண்டு பாட்டில்ல மோந்துக்கிட்டுப் போச்சு. அந்தத் தண்ணிய உப்பாக் காய வச்சு ஒரு வருசம் பானையில போட்டு வச்சிருந்துச்சு. மறுவருசம் அந்த உப்ப எடுத்துக்கிட்டு அளத்துக்கு வந்துச்சு, எங்க கண்ணு முன்னால நல்ல தண்ணி ஊத்தி வெயில்ல வச்சுச்சு. பத்தா நாளு தண்ணி செவந்துச்சு. தண்ணியச் செவப்பாக்குற உசுரு செத்துப் போச்சுன்னு நெனச்சேன், சாவல, உப்புக்குள்ள ஒறங்கிக்கிட்டு இருந்திருக்கு, காஞ்சாலும் சாவவிடாம அத என்னமோ ஒண்ணு காக்குது, அந்த என்னமோவ மருந்துல சேத்தா மருந்தும் வெயில்ல கெடாம கெடக்கும்னு சொல்லிச்சு. நோட்டுல எழுதுச்சு. பட்டணத்துலருந்து கண்ணாடி போட்ட அய்யா வந்து நோட்ட வாங்கிட்டுப் போனாரு. நாங்க பதினாலு பேரும் பாத்தோம். கனகபுஷ்பம்னு பேரு.'

பதினாலு பேரும் கைநாட்டு வைத்தார்கள். சிட்டிகை உப்பை மறுபடியும் மடித்து வைத்தோம். ஆவுடையப்பன் அய்யா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு படியேறியபோது வெயில் உச்சிப் படியில் மட்டும்தான் இருந்தது.

குழுவில் ஐந்து பேர். அவர்கள் நாற்பது நாள் என்ன பேசினார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது, போன மாசம்தான் குறிப்பேட்டைப் பார்த்தேன். மூவாயிரம் பேரை அழைத்ததில் நானூறு கடிதம் வந்திருக்கிறது, தடுப்பூசிக்கு மட்டும் தொண்ணூறு. ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் வெளியிலிருந்து நிபுணர்களைக் கேட்டிருக்கிறார்கள், தேதிவாரியாக முதலில் கண்டது யார், அடுத்துக் கண்டது யார் என்று கோடு போட்டிருக்கிறார்கள். பதினாலு கைநாட்டை வைத்துக்கொண்டா முடிவு செய்வது என்று இரண்டு உறுப்பினர்கள் ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறார்கள். தொண்ணூறு கடிதத்திலும் கண்ணால் பார்த்தேன் என்று எழுதியவர் ஒருவர்கூட இல்லை, இவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்று ஆவுடையப்பன் அய்யா சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. பிறகு அவரே கல்லூரிக்குப் போய்ப் பழைய கையிருப்புப் புத்தகத்தில் அந்த இரண்டு பாட்டிலும் எடுத்த தேதியைக் கண்டுபிடித்திருக்கிறார்.

பங்குனி பத்தாம் தேதி மற்ற இரண்டு பேருக்கும் டெலிபோன் போயிற்று. புஷ்பக்கா வீட்டில் டெலிபோன் கிடையாது. அய்யா நடந்தே போனார், வழி காட்ட நான் கூடப் போனேன், வழி அவருக்கு நன்றாகவே தெரியும். கதவைத் தட்டினார், அக்கா கேட்காமல் திறந்தாள், கையில் சோப்பு நுரை. அவர் மூன்று பெயரையும் சொன்னார். மூன்றாவதாகத் தன் பெயரைக் கேட்டும் அக்கா முதல் இரண்டையும்தான் யோசித்தாள்.

"நீலமேகம் அய்யா பேரு எங்க?"

ஆவுடையப்பன் அய்யா தலையைக் குனிந்துகொண்டார்.

"அவுக இல்லாம இந்த மருந்து ஏது? நான் பாட்டில்ல மோந்தேன், அவுகல்லா பத்து வருசம் ஒறங்காம அத வேலையாக்குனாவ. எனக்காக அவுக பேர எடுத்துட்டீங்களா?"

"அம்மா, அம்பது வருசத்துக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

"அப்ப எனக்கு வேண்டாம்."

"நீங்க வேண்டாம்னா அந்த எடம் காலியாத்தான் கெடக்கும். அவர் வரமாட்டாரு. இம்புட்டுதான் சொல்லலாம், இதுவே அதிகம்," என்றார் அவர். அக்கா அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள், ஊர் வெடி போட்டது, வெள்ளத்தாய் தெருவெல்லாம் கத்தினாள், தை பிறந்ததிலிருந்து அடக்கிவைத்த 'யாரு'வை எல்லாரும் ஒரே நாளில் கேட்டுத் தீர்த்தோம், பதில் தெரிந்திருந்தும் கேட்டோம்.

அதற்கப்புறம் அக்காவுக்குப் பெயர் வந்தது, ஆய்வுக்கூடம் வந்தது, அவளிடம் படிக்க வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள், நிம்மதி மட்டும் வரவில்லை. மேடையில் ஏறினால் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள், எழுந்து கொடுக்கவேண்டியிருக்கும் என்பதுபோல. வருஷா வருஷம் பங்குனி பத்து அன்று நீலமேகத்துக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் தருவாள், மன்னிக்கணும் அய்யா என்று. பதிலுக்கு ஒரு கார்டு வரும், நலம், வேலையைப் பாரும்மா என்று. எட்டு வருஷம் வந்தது, பிறகு அவர் போய்விட்டார். ஆவுடையப்பன் அய்யாவும் போனார், வெள்ளத்தாயும் போனாள். செல்லாத அந்தக் கடிதத்தைக் குழுவின் கட்டடத்தில் தரைத்தளத்து அறையில் இறக்கிப் பூட்டியிருந்தார்கள், கட்டடம் மெல்ல மெல்ல இறங்கிப் பதினாறு படி பதின்மூன்றாயிற்று. வயசானவர்களுக்கு ஏற வசதியாகப் போயிற்று என்று ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன தை கடைசியில் ஐம்பது நிறைந்தது. இப்போதைய செயலாளர் ஒரு சின்னப் பெண், கிரேன் சொல்லிவைத்திருந்தாள், எட்டு ஆள் கயிற்றோடு நின்றார்கள். அவள் பெட்டிக்குள் கையை விட்டு உறையை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கிரேன்காரர் பீடியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதைப் படித்துவிட்டு அந்தப் பெண் என்னிடம் கொடுத்து, "இத நீங்கதான் கொண்டுபோகணும் தாத்தா," என்றாள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எட்டு நிமிஷத்தில் மூன்றாம் தெருவுக்குப் போய்விட்டேன்.

பச்சைக் கதவைத் தட்டினேன். தொண்ணூற்றிரண்டு வயது, கண் தெரியவில்லை, ஆனால் தை மாதம் என்பது நினைவிருந்தது, ஒன்றும் கேட்காமல் திறந்து கையை நீட்டி என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். "சவரியா, வா," என்றாள்.

கட்டிலில் உட்காரவைத்து மடியில் கடிதத்தை வைத்தேன். கட்டில் கால்கள் நாலும் கிறீச்சிட்டன, அக்காவுக்கு மூச்சு வாங்கிற்று. "என்னத்தடே மடியில வச்ச, இம்புட்டு கனக்கு? இதையா அன்னைக்கு இழுத்துட்டு வந்தீங்க?"

மடியிலிருந்து எடுக்க என்னால் முடியவில்லை. குனிந்து அங்கேயே வைத்துப் படித்தேன்.

'தலைவர் அவர்களுக்கு. நீலமேகம் ஆகிய நான் என்னையே இந்தப் பரிசுக்கு முன்மொழிகிறேன். உங்கள் குழுவில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவன், விதி தெரிந்தேதான் எழுதுகிறேன். என் பெயரை அடித்துவிடுங்கள். கனகபுஷ்பத்தின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன், அவள் பெயரைக் கடைசிப் பக்கத்தில் நன்றி என்று பொடி எழுத்தில் போட்டேன், அன்றிலிருந்து அவள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருந்ததால் இத்தனை வருஷம் ஆகிவிட்டது. எழுந்துகொள்கிறேன். அவளை முன்மொழிய யாராவது ஒருவர் அந்த ஊரில் இருப்பார்.'

இரண்டு முறை படிக்கச் சொன்னாள். அப்புறம் வெகு நேரம் தாளைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அம்பது வருசமா அய்யா எடத்துல உக்காந்திருக்கேன்னு நெனச்சேனே சவரி," என்றாள். "அது என் எடந்தானாடே?"

"ஆமாக்கா," என்றேன்.

அக்கா கட்டிலில் நன்றாகப் பின்னால் நகர்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். மின்விசிறிக் காற்றில் கடிதம் மடியிலிருந்து எழும்பிப் பறந்தது, எழுபத்தாறு வயதில் நான் அதைப் பிடிக்க வீடு முழுக்க ஓடினேன்.